சோசியாலஜி படித்தால் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு? அமெரிக்கக் கல்லூரிப் பட்டியல்கள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

"சோசியாலஜியா? அதைப் படிச்சிட்டு என்ன பண்ணப் போற?"

நம்ம ஊரில் மட்டும் கேட்கப்படும் கேள்வி இல்லை இது. அமெரிக்காவிலும் இதே கேள்விதான். அங்கே கூடவே இன்னொன்றும் சேர்ந்து வரும்: "அந்தக் கடனை எப்படி அடைப்ப?"

அமெரிக்காவில் மே 1-ம் தேதிக்குள் முன்பணம் கட்டி கல்லூரி இடத்தை உறுதி செய்வது நெடுநாள் வழக்கம். அதற்கு முந்தைய சில வாரங்களில் 17, 18 வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும் செல்போனில் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகவே அந்நாட்டுக் கல்வித் துறை நடத்தும் இணையதளம்தான் 'காலேஜ் ஸ்கோர்கார்டு'. கல்லூரிப் பெயரைத் தட்டி, பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு எண்கள் வரும். அந்தப் படிப்பை முடித்தவர்களின் சம்பளம் ஒன்று, அவர்கள் தலையில் நின்ற கடன் இன்னொன்று.

இந்த எண்களை எடுத்து, 'காசுக்கு ஏற்ற சோசியாலஜி படிப்புகள்' என்று பல தனியார் தளங்கள் தரவரிசையும் போடுகின்றன. சம்பளம் அதிகம், கடன் குறைவு என்றால் முதலிடம். பார்க்க ரொம்ப எளிமை. ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே ஆட்களைப் பற்றியவை அல்ல. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

ஸ்கோர்கார்டு 2013-ல் சிறிய அளவில் தொடங்கியது. 2015 செப்டம்பரில் ஒபாமா அரசு அதை விரிவுபடுத்தி, பட்டதாரிகளின் வருமானத்தையும் சேர்த்தது. அப்போது ஒரு கல்லூரிக்கு மொத்தமாக ஒரே எண்தான். இன்ஜினியரிங் படித்தவரும் சோசியாலஜி படித்தவரும் ஒரே சராசரிக்குள் கலந்து கிடந்தார்கள். 2019-ல், டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்தில், பாடப்பிரிவு வாரியாகக் கணக்கு பிரிக்கப்பட்டது. இரண்டு கட்சி அரசுகளும் மாறி மாறி வளர்த்த திட்டம் என்பது அமெரிக்க அரசியலில் அபூர்வம்தான்.

பாடப்பிரிவுகளை அடையாளம் காண ஒரு அரசு எண் வரிசை இருக்கிறது. அதில் சோசியாலஜிக்கு 45.11. பொருளாதாரத்துக்கு 45.06. சோஷியல் வொர்க் 44.07 என்று வேறு குடும்பத்திலேயே இருக்கிறது. பெயர் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் சோசியாலஜியையும் சோஷியல் வொர்க்கையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டியலைப் பார்க்கும்போது இதை முதலில் சரிபார்த்துவிடுவது நல்லது.

சம்பளத் தகவல் மாணவர்களிடம் கேட்டு வாங்கியது இல்லை. வருமான வரித் துறையின் பதிவுகளிலிருந்து நேரடியாக வருகிறது. 'எங்க மாணவர்கள் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்கள்' என்று கல்லூரியே விளம்பரத்தில் சொல்வதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

காட்டப்படுவது சராசரி அல்ல, நடு எண். படித்தவர்களைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. ஒரே ஒரு கோடீஸ்வரர் கணக்கைத் தூக்கிவிட முடியாது என்பது இதன் நல்ல பக்கம்.

ஆனால் வரிசையில் நிற்பவர்கள் யார்?

மத்திய அரசின் கடனோ உதவித்தொகையோ வாங்கியவர்கள் மட்டும். வீட்டுக் காசிலேயே முழுக் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளை இந்த வரிசையில் இல்லை. வெளிநாட்டு மாணவர் இல்லை. கடன் எண்ணில் வட்டம் இன்னும் சுருங்குகிறது. கடன் வாங்கியவர்கள் மட்டுமே அதில் உண்டு. பெல் உதவித்தொகை மட்டும் வாங்கி, கடனே இல்லாமல் முடித்த ஏழை மாணவி சம்பளக் கணக்கில் இருப்பார், கடன் கணக்கில் இருக்கமாட்டார். போதாக்குறைக்கு, சம்பளம் ஒரு ஆண்டுத் தொகுதி மாணவர்களுடையது, கடன் வேறொரு ஆண்டுத் தொகுதியினருடையது. ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்து 'விகிதம்' கண்டுபிடிக்கும் தரவரிசைகள் இதை அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

லட்சம் டாலர் கனவு

'சோசியாலஜிஸ்ட் சம்பளம்' என்று தேடினால் வேறொரு எண் வந்து நிற்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி சமூகவியலாளர்களின் நடு ஆண்டுச் சம்பளம் 1 லட்சம் டாலருக்கும் மேல். 2024 மே மாதக் கணக்கில் 1,01,690 டாலர்.

பொய்யான எண் இல்லை. ஆனால் அது சோசியாலஜி படித்தவர்களின் சம்பளமும் இல்லை. 'சோசியாலஜிஸ்ட்' என்ற பதவியில் இருப்பவர்களின் சம்பளம். அந்தப் பதவியில் அந்தப் பெரிய நாடு முழுக்கச் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். அதற்குப் பொதுவாக முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டும். இளங்கலையை முடித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பது அரிது.

அப்படியானால் இளங்கலை முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? தொண்டு நிறுவனங்கள், அரசு நலத்திட்ட அலுவலகங்கள், மனிதவளப் பிரிவு, சந்தை ஆய்வு, காவல்துறை, நன்னடத்தை அதிகாரி வேலை, விற்பனை, அலுவலக நிர்வாகம். இன்ஜினியரிங், நர்சிங் போல படிப்பிலிருந்து வேலைக்கு ஒரே நேர் ரோடு கிடையாது. பல சந்துகள் பிரிகின்றன. எந்தச் சந்தில் போனார் என்பதைப் பொறுத்துச் சம்பளம் மாறும். ஒரே பாடத்தின் எண் கல்லூரிக்குக் கல்லூரி ஏறி இறங்குவதற்கு இது முதல் காரணம்.

கடன் எண்ணில் ஒளிந்திருக்கும் உச்சவரம்பு

பல கல்லூரிகளின் சோசியாலஜி பக்கங்களைத் திறந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். கட்டணம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். ஆனால் மாணவர் கடன் மட்டும் பெரும்பாலும் 20,000 டாலர் சுற்றுவட்டாரத்திலேயே நிற்கும்.

காரணம், சட்டம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் மத்திய அரசிடம் முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500 டாலர்தான் கடன் வாங்க முடியும். நான்கு வருஷத்தையும் கூட்டினால் 27,000. படிப்பு இழுத்துக்கொண்டு போனாலும் மொத்த வரம்பு 31,000 டாலர். ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே 27,000 டாலர் என்பது சுமார் 23 லட்சம் ரூபாய்.

அதாவது, கட்டணம் எவ்வளவு எகிறினாலும் இந்த எண் 27,000 பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பாக்கிப் பணம் வேறு பெயரில் வேறு கணக்கில் போகும்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு கல்லூரிகளிலுமே சோசியாலஜி மாணவர்களின் கடன் 25,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கல்லூரி உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம், மாணவி வீட்டிலிருந்து போய் வருகிறாள். 25,000-தான் மொத்தக் கடன். இரண்டாவது தனியார் கல்லூரி. அங்கே மாணவி பெயரில் 25,000, அப்பா பெயரில் இன்னொரு 60,000. பட்டியலில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும். வீட்டுக் கணக்கில் ஒன்று 25,000, இன்னொன்று 85,000.

அப்பா அம்மா பெயரில் வாங்கும் அந்தக் கடனுக்குப் 'பேரண்ட் பிளஸ்' என்று பெயர். கல்லூரிச் செலவில் மற்ற உதவி போக மிச்சம் முழுவதையும் கடனாக வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் நெடுங்காலமாக இருந்த விதி. திருப்பிக் கட்டும் அளவுக்கு வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பழைய கடன்களில் பெரிய கோளாறு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். 2025-26 கல்வியாண்டில் இதற்கு வட்டி 8.94 சதவீதம். ஸ்கோர்கார்டில் இந்தக் கடன் தனியாகத்தான் காட்டப்படுகிறது, மாணவர் கடனோடு கூட்டப்படுவதில்லை. தனியார் வங்கிக் கடனோ இந்தக் கணக்கிலேயே இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தக் கடன் எண் படிப்பை முடித்தவர்களுடையது. பாதியில் நின்றவர்கள் இதில் இல்லை. அமெரிக்காவில் கல்விக் கடனைக் கட்ட முடியாமல் தவறுபவர்களில் பட்டம் வாங்காமலேயே வெளியேறியவர்கள் அதிகம். அவர்களின் கடன் தொகை சிறியதாகவே இருக்கும், ஆனால் அதை அடைக்க உதவும் பட்டம் கையில் இல்லை. சோசியாலஜி பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. கல்லூரியின் பொதுப் பக்கத்தில் இருக்கும் 'படிப்பை முடித்தோர் விகிதம்' என்ற எண்ணைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. பெயர் பெற்ற, பணக்காரத் தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஏழை மாணவர்களுக்கு அரசுக் கல்லூரியைவிட மலிவாக முடியும். 2001-லேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் உதவித் திட்டத்திலிருந்து கடனை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் திருப்பித் தரவேண்டாத உதவித்தொகையை வைத்தது. விலைப்பலகையைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் விடுவதுதான் அங்கே நஷ்டம். ஸ்கோர்கார்டில் குடும்ப வருமான வாரியாக 'நிகர விலை' என்று ஒரு பகுதி இருக்கிறது. 30,000 டாலருக்குக் கீழ், 30,000 முதல் 48,000 வரை என்று படிப்படியாகப் பிரித்து, உங்களைப் போன்ற குடும்பம் உண்மையில் எவ்வளவு கட்டியது என்று காட்டும். இது பாடவாரியாக இல்லை, கல்லூரிக்கு மொத்தமாகத்தான். இருந்தாலும் கடன் எண்ணைவிட இதுவே பயனுள்ள எண்.

மாதத் தவணை எவ்வளவு வரும்?

27,000 டாலர் கடன், 2025-26-க்கான இளங்கலை வட்டி விகிதம் 6.39 சதவீதம், 10 ஆண்டுத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 305 டாலர் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 3,660.

இது தாங்குமா தாங்காதா என்று பார்க்க அரசிடமே ஒரு அளவுகோல் இருக்கிறது. லாப நோக்கக் கல்லூரிகளையும் தொழிற்சான்றிதழ் படிப்புகளையும் கண்காணிக்க வகுத்த விதியில், ஆண்டுத் தவணை ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அரசு கணக்குப் போடும் முறை கொஞ்சம் வேறு, அளவுகோலை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம். 3,660 டாலர் 8 சதவீதம் ஆக வேண்டுமென்றால் ஆண்டுச் சம்பளம் 45,750 டாலர் வேண்டும். கடன் பாதியாக இருந்தால் 23,000 டாலருக்குச் சற்றுக் குறைவான சம்பளமே போதும்.

சம்பளம் எவ்வளவு வரும் என்பது யார் கையிலும் இல்லை. கடன் எவ்வளவு என்பது ஓரளவுக்குக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. சோசியாலஜி போன்ற, வேலைப் பாதை நேராக இல்லாத படிப்புக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

மிஷெல் ஒபாமா இந்தப் பட்டியலில் இருப்பாரா?

மிஷெல் ஒபாமா பிரின்ஸ்டனில் சோசியாலஜி படித்து 1985-ல் பட்டம் வாங்கினார். நேராக ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போய், 1988-ல் முடித்தார். இன்றைய ஸ்கோர்கார்டு முறை அன்றைக்கு இருந்திருந்தால், பட்டம் வாங்கிய அடுத்த ஆண்டின் சம்பளக் கணக்கில் அவர் இருந்திருக்கமாட்டார். மேற்படிப்பில் இருப்பவர்களை அது கழித்துவிடும். மார்ட்டின் லூதர் கிங்கும் அப்படித்தான். 1948-ல் மோர்ஹவுஸ் கல்லூரியில் சோசியாலஜி பட்டம், அடுத்து இறையியல் படிப்பு, பிறகு முனைவர் பட்டம்.

பெரிய பெயர்கள் என்பதற்காக இந்த உதாரணங்கள் இல்லை. சோசியாலஜி மாணவர்களில் சட்டம், சோஷியல் வொர்க், கல்வியியல், பொது நிர்வாகம் என்று மேற்படிப்புக்குப் போவோர் கணிசம். ஒரு துறையின் நல்ல மாணவர்கள் நிறையப் பேர் மேற்படிப்புக்குப் போனால், உடனே வேலைக்குப் போன மிச்சப் பேரின் சம்பளம்தான் அந்தத் துறையின் 'முடிவு' ஆகக் காட்டப்படும். அதனால் ஓராண்டுச் சம்பளத்தைவிட நான்கு, ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் சம்பள எண்ணைப் பார்ப்பது நல்லது. ஸ்கோர்கார்டில் இப்போது அதுவும் வருகிறது.

இடமும் சம்பளத்தை மாற்றும். நியூயார்க்கிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ உள்ள கல்லூரியில் படித்தவர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தால் சம்பளம் கூடுதலாகத் தெரியும். வாடகையும் கூடத்தான். பட்டியலில் வாடகை இருக்காது.

இன்னும் ஆழமான கேள்வி: அதிகச் சம்பளம் கல்லூரியால் வந்ததா, உள்ளே வந்த பிள்ளையால் வந்ததா? ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. கடும் போட்டி உள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அதைவிட எளிதான கல்லூரிக்குப் போனவர்களை எடுத்துக்கொண்டு, புகழ்பெற்ற கல்லூரிக்கே போனவர்களோடு ஒப்பிட்டார்கள். வருமானத்தில் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. ஆனால் வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையிலேயே உதவியது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கும் தொடர்புகளை ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி தருகிறது என்பது ஒரு விளக்கம். இது ஒரு பொருளாதார ஆய்வு என்றாலும், சோசியாலஜி வகுப்பில் முதல் வாரமே பேசப்படும் விஷயம்தான்.

காலியாகக் கிடக்கும் கட்டங்கள்

சிறிய கல்லூரிகளின் சோசியாலஜி பக்கத்தைத் திறந்தால் பல நேரம் எண்ணே இருக்காது. படித்தவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், தனிநபரின் வருமானம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அரசு அதை மறைத்துவிடும். அதனால் 'நாட்டின் சிறந்த சோசியாலஜி படிப்புகள்' என்ற தரவரிசை, உண்மையில் போதிய அளவு மாணவர்கள் இருந்த துறைகளின் தரவரிசை மட்டும்தான். எண் இல்லாத கல்லூரி மோசமான கல்லூரி என்று அர்த்தம் இல்லை.

எண் இருக்கும் இடத்திலும், இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே ஆயிரம், இரண்டாயிரம் டாலர் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறிய கூட்டத்தில் நான்கு பேர் வேறு வேலைக்குப் போயிருந்தாலே அது மாறிவிடும்.

இப்போது ஏன் இது பெரிய விஷயம்?

இத்தனை நாள் இந்த எண்கள் தகவலாக மட்டும் இருந்தன. 2025 ஜூலை 4-ம் தேதி டிரம்ப் கையெழுத்திட்ட 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' சட்டம் அதை மாற்றிவிட்டது. ஒரு இளங்கலைப் படிப்பை முடித்தவர்களின் நடு வருமானம், அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நின்ற 25 முதல் 34 வயதுக்காரர்களின் நடு வருமானத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மூன்றில் இரண்டு ஆண்டுகள் குறைந்தால், அந்தப் படிப்புக்கு மத்திய அரசின் கடன் நின்றுவிடும். இதற்கு 2026 ஜூலை 1-ஐத் தொடக்க நாளாகச் சட்டம் வைத்திருக்கிறது.

பெரும்பாலான இளங்கலைப் படிப்புகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதே பொதுவான கணிப்பு. ஆனால் சம்பளம் குறைவாக உள்ள பகுதிகளில், தொண்டு நிறுவன வேலைகளுக்கு மாணவர்களை அனுப்பும் துறைகள் எண்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அதே சட்டம் பேரண்ட் பிளஸ் கடனுக்கும் கடிவாளம் போட்டிருக்கிறது. அதே 2026 ஜூலை 1-லிருந்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்பது உச்சவரம்பு. முதுகலை மாணவர்கள் செலவு முழுவதுக்கும் வாங்கிவந்த 'கிராட் பிளஸ்' கடன் புதியவர்களுக்கு இல்லை. பொதுவான முதுகலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1 லட்சம் டாலர்தான். இளங்கலை சோசியாலஜிக்குப் பிறகு முதுகலை படித்தால்தான் நல்ல வேலை என்று திட்டமிடுபவர்களுக்கு இது நேரடிப் பாதிப்பு.

ஒரு சலுகை தொடர்கிறது. 2007-ல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், அரசிலோ தகுதியுள்ள தொண்டு நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு 120 மாதத் தவணை கட்டியவர்களுக்கு மீதிக் கடன் தள்ளுபடி. சோசியாலஜி படித்தவர்கள் பலர் போய்ச் சேரும் வேலைகள் இவைதான் என்பதால், சம்பளம் குறைவு என்று பட்டியலில் கீழே கிடக்கும் துறைகளில்கூடக் கடன் சுமை காகிதத்தில் தெரியும் அளவுக்கு இல்லாமல் போகலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு?

இந்திய மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் கிடையாது. அதனால் ஸ்கோர்கார்டின் சம்பள எண்ணிலும் கடன் எண்ணிலும் அவர்களில் ஒருவர்கூட இல்லை. '25,000 டாலர் கடன்தான் ஆகும்' என்று அந்த எண்ணைப் பார்த்து இங்கே வங்கிக் கடனுக்குத் திட்டம் போட்டால் கணக்கு தப்பும். முழுக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே அங்கே வேலை பார்க்கும் அனுமதி பொதுவாக 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் பிரிவுப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும் மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. 45.11 என்ற எண்ணில் வரும் சோசியாலஜி அந்தப் பட்டியலில் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் ஆய்வு முறைகள், புள்ளியியல் சார்ந்த சமூக அறிவியல் படிப்புகளை 45.0102 என்ற எண்ணில் நடத்துகின்றன. அது பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சேர்க்கைக் கடிதத்தில் எந்த எண் போடுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.